யாரும் நடாத செடி

மதுரைக்காரர்களிடம் பூ என்று சொன்னால் அவர்கள் மனத்தில் மல்லிகையைத் தவிர வேறொன்றும் தோன்றாது. அது நியாயந்தான். 2013ஆம் வருஷத்தில் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு என்னும் சர்க்கார் முத்திரையும் கிடைத்துவிட்டது. முகூர்த்த நாளன்று மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகையின் விலையைக் கேட்டால், தங்கத்தின் விலையைக் கேட்ட மாதிரி நெஞ்சு படபடக்கும். இத்தனை பெருமையும் உடைய அந்தப் பூ, தண்ணீர், எரு, மருந்து, கவாத்து என்று வருஷம் முழுவதும் மனிதனை வேலை வாங்கிக்கொண்டே இருக்கிறது. ஒரு வாரம் கவனிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டுவிடும்.

நான் சொல்லவந்தது அதைப் பற்றியல்ல. மல்லிகைத் தோட்டத்து வேலிக்கு வெளியே, செம்மண் மேட்டிலும் கண்மாய்க் கரையிலும் நின்றுகொண்டு, கேட்பாரில்லாமல் பொன்னாகப் பூத்துக் குலுங்குகிறதே, அந்த ஆவாரையைப் பற்றி.

ஆவாரஞ்செடியைத் தெரியாதவர்கள் இந்தப் பக்கத்தில் இருக்க முடியாது. ஆனால் நின்று பார்த்தவர்கள் குறைவு. ஆள் உயரம் வளரும் புதர். புளிய இலையைக் கொஞ்சம் பெரிதாக்கியது போன்ற இலை. கிளை நுனிகளில் கொத்துக் கொத்தாக ஐந்து இதழ் மஞ்சள் பூ. காய் தட்டையாக, காகிதம் போல் இருக்கும். இலைக் காம்பின் அடியில் ஒரு சின்னஞ்சிறு காது மடல் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் 1753இல் இதற்குப் பெயர் வைத்தபோது அந்தக் காதைப் பிடித்துக்கொண்டுதான் வைத்தார். அவர் வைத்த லத்தீன் பெயருக்கு ‘காதுள்ளது’ என்று அர்த்தம். காது இருந்து என்ன பயன்? அதன் கதையைத்தான் யாரும் கேட்டதில்லை.

தமிழ்ப் புலவர்கள் கேட்டார்கள் என்று சொல்ல வேண்டும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்குகிறாரே, அந்த ஜாபிதாவில் ஆவிரைக்கும் ஓர் இடம் உண்டு. ஆவிரை என்பதுதான் பழைய பெயர். உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை அச்சேற்றியிராவிட்டால், இந்த விஷயம் ஏட்டுச் சுவடியிலேயே செல்லரித்துப் போயிருக்கும்.

குறுந்தொகையில் இந்தப் பூவுக்குக் கிடைத்த வேலைதான் வேடிக்கையானது. காதலியை அடைய முடியாத இளைஞன் பனைமடலால் குதிரை செய்து, அதன்மேல் ஏறி ஊர் நடுவே வருவான். மடலேறுதல் என்று பெயர். அந்தப் பொய்க் குதிரைக்கு ஆவிரம் பூவில் மாலை. கூடவே எருக்கம்பூவும் பூளைப்பூவும் வரும். இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றும் தரிசு நிலத்துப் பூக்கள். மூன்றையும் எந்தப் பெண்ணும் கூந்தலில் சூடமாட்டாள். தோட்டத்தில் பறித்த பூவைச் சூடிக்கொண்டு வந்தால் அவன் மாப்பிள்ளை. புறம்போக்கில் பறித்த பூவைச் சூடிக்கொண்டு வந்தால் மானம் விட்டவன். ஊருக்கு இது பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடும். மடலேறியவனுக்குப் பெண் கிடைத்ததோ இல்லையோ, ஆவாரைக்கு அன்றே ஒரு ஸ்தானம் ஏற்பட்டுவிட்டது. அழகுதான், ஆனால் யாருடையதும் அல்ல. யாருடையதும் அல்லாததால் எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். விவசாயி தழையை ஒடித்துச் சேற்றில் மிதித்தான். வைத்தியர் பூவையும் வேரையும் விதையையும் எடுத்தார். ஆவாரை பூத்திருக்கும் ஊரில் சாவுக்கு வேலையில்லை என்கிற பொருளில் ஒரு பழமொழியே இருக்கிறது. சித்த வைத்தியத்தில் நீரிழிவுக்கு ஆவாரைக் குடிநீர் என்று ஒரு மருந்து உண்டு. (அதற்காக மாத்திரையை நிறுத்திவிட்டுப் பூவைத் தேடி ஓட வேண்டாம், டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.) இலங்கையில் இதை ரணவரா என்று சொல்லி, காய்ந்த பூவைத் தேயிலை போலக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள்.

ஆனால் ஆவாரையின் சரித்திரத்தைத் தீர்மானித்தது பூ அல்ல, பட்டை. மின்சாரப் பம்பு வருவதற்கு முன்னால் மதுரைச் சீமைக் கிணறுகளில் கமலை இறைத்தார்கள். மாடுகள் சரிவில் இறங்கினால் சால் மேலே வரும். சாலுக்கு அடியில் யானைத் துதிக்கை போல் ஒரு தோல் வால் தொங்கும். அதன் வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் விழும். நாளெல்லாம் நனைந்தும் காய்ந்தும் அந்தத் தோல் அழுகாமல் இருந்ததற்குக் காரணம் ஆவாரம் பட்டை. ஊர்த் தோல் தொழிலாளிகள் பட்டையை இடித்து ஊறவைத்த நீரில் தோலைப் பதப்படுத்தினார்கள். பட்டையில் உள்ள துவர்ப்புச் சத்து தோலின் நாரோடு பிணைந்துகொண்டு அதை அழுகாமல் காக்கிறது. ஒருவிதத்தில் பார்த்தால், நெல்லுக்கு இறைத்த தண்ணீர் ஆவாரையைத் தொட்டுக்கொண்டுதான் வந்தது. இதற்காக யாரும் ஒரு செடியை நட்டதில்லை. காட்டில் கிடந்தது; ஒடித்தார்கள்; மறுபடி துளிர்த்தது. அடியோடு சேர்த்து வெட்டினாலும் தூரிலிருந்து சிலிர்த்து எழுகிற குணம் அதற்கு உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வீட்டுத் தொழில் பெரிய வியாபாரமாயிற்று. சென்னை ராஜதானி முழுவதும் தோல் ஷாப்புகள் முளைத்தன. மதுரை ஜில்லாவில் அதற்குப் பேர்போன ஊர் திண்டுக்கல். (1985வரை திண்டுக்கல் மதுரையோடுதான் சேர்ந்திருந்தது.) இன்று திண்டுக்கல் என்றால் பூட்டும் பிரியாணியும் ஞாபகம் வருகின்றன. அன்று தோல் ஷாப்பைக் கண்ணால் காண்பதற்கு முன்பே மூக்கு சொல்லிவிடும்.

வேலை நடந்த விதம் இது. பச்சைத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறப் போடுவார்கள். மயிர் கழன்றதும் வழித்து, உட்புறத்துச் சதையைச் சீவி எடுப்பார்கள். பிறகு பட்டைத் தண்ணீர்த் தொட்டி. ஒரு தொட்டியிலிருந்து இன்னும் காட்டமான மறு தொட்டிக்கு மாற்றிப் புரட்டிப் புரட்டிப் போட வேண்டும். இது வாரக்கணக்கில் நடக்கும். ஆவாரை பதப்படுத்திய தோலுக்கு ஒரு குறை உண்டு. வெயில் பட்டால் சிவந்துவிடும். அதற்காகக் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் ஒரு முழுக்குப் போடுவார்கள். நிறம் இளமஞ்சளாக நின்றுவிடும். பிறகு எண்ணெய் தடவி உலர்த்தி, மூட்டை கட்டி, கப்பலில் ஏற்றி லண்டனுக்கு அனுப்புவார்கள். அங்கே ஏலம். அரைப்பதம் செய்த கிழக்கிந்தியத் தோல் என்று அதற்கு ஒரு பெயரும் மரியாதையும் இருந்தன.

இத்தனை தோலுக்கும் பட்டை எங்கிருந்து வந்தது? காட்டிலாகா வருஷா வருஷம் பட்டை உரிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டது. ஏழை ஜனங்கள், முக்கியமாகப் பெண்கள், கொம்புகளை வெட்டிக் கட்டையால் தட்டி, பட்டையை உரித்துக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போட்டார்கள். மணிக்கணக்காகக் குனிந்து தட்டினால்தான் ஒரு கட்டுப் பட்டை சேரும். அவர்களுடைய பெயர் எந்த ரிக்கார்டிலும் இல்லை. குத்தகைக்காரர், கமிஷன் ஏஜெண்டு, ஷாப்பு முதலாளி, கப்பல் கம்பெனி எல்லாரும் கணக்குப் புஸ்தகத்தில் இருக்கிறார்கள். செடிக்கும் உரித்தவர்களுக்கும் அங்கே இடமில்லை. சரித்திரத்தைப் படிக்கும்போது கதை எழுதுகிறவனுக்கு உறுத்துவது இந்த மாதிரி இடங்கள்தான்.

1914இல் ஐரோப்பிய யுத்தம் வந்தது. பட்டாளத்துக்குப் பூட்ஸ் வேண்டும். பூட்ஸின் மேல் தோலுக்கு சென்னையின் ஆவாரைத் தோல் தகுந்தது என்று கண்டார்கள். 1916 முதல் சர்க்காரே முன்வந்து அந்தத் தோலையெல்லாம் பிரிட்டிஷ் யுத்த இலாகாவுக்காக வாங்கிக் குவித்தது. பிரான்ஸ் தேசத்துச் சேற்றுக் குழிகளில் நின்ற சிப்பாய்களின் காலில், சென்னை ராஜதானித் தரிசுகளில் வெயிலில் காய்ந்த ஒரு செடியின் துவர்ப்பு இருந்தது. மடல் குதிரையின் கழுத்தில் தொங்கிய பூவுக்கு இப்படி ஒரு யாத்திரை வாய்க்கும் என்று கபிலர் நினைத்திருப்பாரா?

இவ்வளவு உயரத்துக்குப் போன பட்டை இறங்கியதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, குரோம். ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் 1903இல் சென்னையில் குரோம் உப்பைக் கொண்டு தோல் பதப்படுத்தும் சோதனையைத் தொடங்கினார். மறு வருஷமே ராஜதானியின் தோல் தொழிலைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். கெட்டிக்காரர்; கமலைச் சாலுக்குச் சீக்கிரம் கெடாத தோல் கிடைக்க வேண்டும் என்பதும் அவர் கவலைகளில் ஒன்று. பட்டைத் தொட்டியில் வாரக்கணக்கில் நடந்த வேலை குரோமில் சில தினங்களில் முடிந்துவிடும்.

இரண்டாவது காரணம் வாட்டில் மரம். ஆஸ்திரேலியாவில் பிறந்து, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் தோட்டம் தோட்டமாக வளர்க்கப்பட்ட மரம். அதன் பட்டையில் ஆவாரையைக் காட்டிலும் துவர்ப்புச் சத்து மிக அதிகம். அதனால் தோல் ஷாப்புகள் மெதுவாக அதன் பக்கம் சாய்ந்தன. 1946இல் தென்னாப்பிரிக்காவின் நிறவேற்றுமைக் கொடுமையைக் கண்டித்து இந்தியா அந்த நாட்டுடன் வியாபாரத்தை முறித்துக்கொண்டது. சுதந்திரத்துக்குப் பின்னால் நீலகிரியிலும் பழனி மலைகளிலும் சர்க்காரே வாட்டில் தோட்டங்களை விரிவாக்கியது. தோலுக்குப் பட்டை, ரேயான் ஆலைக்குக் கூழ், அடுப்புக்கு விறகு என்று மூன்று லாபம் கணக்கிட்டார்கள். கணக்கில் சேராதது மலைமேல் இருந்த புல்வெளி. கொடைக்கானல் பக்கத்தில் சோலைக்காடுகளுக்கு இடையே, மழைநீரைப் பிடித்து வைத்துக்கொண்டு சிறுகச் சிறுக விட்ட அந்தப் புல்வெளிகளில் பெரும்பகுதியை வாட்டிலும் அதன் கூட்டாளி மரங்களும் மூடிவிட்டன. அந்த மலைகளில் பிறக்கும் மஞ்சளாறும் மருதாநதியும் வைகையில்தான் வந்து சேருகின்றன. சும்மா கிடைத்த பட்டையை விட்டுவிட்டு, நட்டு வளர்த்த பட்டைக்கு மாறியதற்கு நாம் கொடுத்த விலை இது.

குரோமுக்குக் கொடுத்த விலை கோர்ட்டுத் தீர்ப்பிலேயே இருக்கிறது. 1996இல் சுப்ரீம் கோர்ட்டு தோல் ஷாப்புகளின் கழிவுநீரைப் பற்றித் தீர்ப்புச் சொன்னபோது, ஐந்து ஜில்லாக்களின் ஷாப்புகளுக்குத் தலைக்குப் பதினாயிரம் ரூபாய் அபராதம் போட்டது. அந்த ஐந்தில் திண்டுக்கல்லும் ஒன்று. பட்டைத் தொட்டி மட்டும் பன்னீராக மணத்தது என்று நான் சொல்லவில்லை. சுண்ணாம்பும் உப்பும் சதைக் கழிவும் பழைய ஷாப்புகளிலும் ஊர்த் தண்ணீரைக் கெடுக்கத்தான் செய்தன. ஆனால் குரோம் உப்பு வேறு ஜாதி விஷம், எளிதில் போவதில்லை.

பட்டைக்கு மவுசு போனால் ஆவாரை பிழைத்திருக்க வேண்டுமல்லவா? அதுதான் நடக்கவில்லை. வெட்டினால் துளிர்க்கிற செடிக்கு வெட்டுக்கத்தி சத்துரு அல்ல. நிற்க இடம் இல்லாமற் போவதுதான் சத்துரு.

1877இல் ஜமைக்காவிலிருந்து சில விதைகள் சென்னை ராஜதானிக்கு வந்தன. விறகுப் பஞ்சத்தைத் தீர்க்க வந்த அந்த மரத்துக்கு நாம் வைத்த பெயர் சீமைக் கருவேல். சுதந்திரத்துக்குப் பிறகு வறண்ட ஜில்லாக்களில் அது ஊக்கத்தோடு பரப்பப்பட்டது. ராமநாதபுரத்திலும் மதுரைக்குக் கிழக்கிலும் தெற்கிலும் கண்மாய், ஓடை, மேய்ச்சல் தரை எதையும் அது விடவில்லை. 2017இல் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை அதை வேரோடு பிடுங்கும்படி உத்தரவு போட்டதும், ஊர் ஊராக இயந்திரங்கள் இறங்கியதும், பிறகு வழக்கு வேறு பக்கம் திரும்பியதும் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஏழைகளுக்கு அது விறகும் கரிமூட்டமும் கொடுத்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஆவாரை நின்ற இடத்தில் அது வந்து உட்கார்ந்துகொண்டது. மிச்சமிருந்த மேடுகளில் பிளாட்டுக் கல் நட்டுவிட்டார்கள்.

பொங்கல் சமயத்தில் இது நன்றாகத் தெரியும். போகியன்று வீட்டு இறவாணத்தில் காப்புக் கட்டுகிறோம். வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றும் சேர்ந்த கொத்து. மடலேறிய குதிரையின் பூக்களில் இரண்டு இன்று வீட்டுக்குக் காவல்! காலம் எப்படியெல்லாம் மரியாதையை மாற்றுகிறது, பாருங்கள். முன்னெல்லாம் பையன்கள் ஊருக்கு வெளியே ஓடிப் போய் ஒடித்து வருவார்கள். இப்போது கட்டுக் கட்டி விற்கிறார்கள். சில வருஷங்களுக்கு முன் போகிக்கு முதல் நாள் சந்தையில் ஒரு கிழவியிடம் நான் பேச்சுக் கொடுத்தேன்.

“ஏன் ஆத்தா, ரோட்டோரத்துலே கிடக்கிற ஆவாரம்பூவுக்குக் காசா?”

“எந்த ரோட்டுலே கிடக்கு? நீங்கதான் காட்டுங்க தம்பி” என்றாள் அவள். “முன்னே கம்மாக் கரையிலேயே ஒடிப்போம். இப்ப அங்கிட்டெல்லாம் கல்லு நட்டுட்டாக. மேலூருக்கு அங்கிட்டு பஸ் ஏறிப் போய் ஒடிச்சாரேன். பூவுக்குக் கேக்கலே தம்பி, பஸ்ஸுக்குத்தான் கேக்குறேன்.”

மதுரையில் ஆவாரம்பூ காசுக்கு விற்கிறது என்பதை நான் அதுவரை வேடிக்கையாகத்தான் நினைத்திருந்தேன். அதற்குப் பிறகு நினைக்கவில்லை.

அவள் சொன்ன மேலூர்ப் பக்கத்தில்தான் அரிட்டாபட்டி இருக்கிறது. 2022இல் தமிழக அரசு அந்தக் குன்றுகளையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்துப் பல்லுயிர்ப் பாரம்பரிய ஸ்தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் அதுவே முதலாவது. இரண்டே வருஷத்தில் அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். ஜனங்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய சர்க்கார் அந்த ஏலத்தை ரத்து செய்தது. பட்டைக் குத்தகைக் காலத்திலிருந்து பார்த்துவிட்டோம்: தரிசு என்று ஏட்டில் எழுதிய நிலத்துக்கு எப்போது யாருக்கு ஆசை பிறக்கும் என்று சொல்ல முடியாது.

ஆகையால்தான், இரண்டாயிரம் வருஷமாக யாரும் நடாத செடியை இப்போது நட வேண்டியிருக்கிறது. நம்மூர் வீட்டுத் தோட்டங்கள் குரோட்டன்ஸையும் காகிதப்பூவையும் வைத்து அழகு பார்த்துப் பழகியவை. அழகுக்காக வெள்ளைக்காரன் கொண்டுவந்த உண்ணிச்செடி தோட்டத்தைத் தாண்டி மலைக்காடுகளையே பிடித்துக்கொண்டது. ஆவாரையோ எதிர்த் திசையில், காட்டிலிருந்து தோட்டத்துக்குள் வர இடம் கேட்கிறது. தெலுங்கானா மாநிலம் பிறந்த 2014ஆம் வருஷத்திலேயே தங்கேடு என்று இதைத் தங்கள் மாநிலப் பூவாக ஏற்றுக்கொண்டுவிட்டது. அவர்கள் பதுகம்மா பண்டிகைக்கு இந்தப் பூ இல்லாமல் முடியாது. நமக்கு அவ்வளவு வேண்டாம். மதில் ஓரத்தில் இரண்டு செடி போதும்.

என் வீட்டில் இருப்பது மூன்று. அவற்றால் நான் கண்ட லாபம் பூ மட்டுமல்ல. ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டுந்தான். அதுவும் மூடிய குழாய் போன்ற பையில், நுனியில் சிறு துவாரத்தோடு இருக்கிறது. கருவண்டு வந்து பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சிறகைப் பரப்பாமல் உடம்பை மட்டும் ‘கிர்’ரென்று அதிரவைக்கும். அந்த அதிர்ச்சியில் மகரந்தம் உதிரும். குட்டைக் கேசரங்களிலிருந்து விழுவது வண்டுக்குச் சாப்பாடு. நீண்டு வளைந்த கேசரங்களிலிருந்து தெறிப்பது வண்டின் உடம்பில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகிறது. தேனீக்கு இந்த வித்தை தெரியாது. சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டு போகும். இலைக் காம்பில் ஜோடி ஜோடியான இலைகளுக்கு நடுவே சின்னச் சுரப்பிகள் உண்டு. தேன் அங்கேதான் கசிகிறது. அதைக் குடிக்க எறும்புகள் ஏறி இறங்கும்.

மழை பெய்து தளிர் விட்டதும் வெளிறிய நிறத்து வண்ணத்துப்பூச்சிகள் வந்து முட்டையிடும். பத்து நாளில் செடி முழுவதும் பச்சைப் புழு. போன வருஷம் பக்கத்து வீட்டு அம்மாள் மதில் மேலாக எட்டிப் பார்த்து, “சார், உங்க செடி பூரா புழு மேயுது. எங்க வீட்டுலே மருந்தடிக்கிற பம்பு இருக்கு, தரட்டுமா?” என்றார்.

“வேண்டாம்மா. அதுக்காகத்தான் செடியே வச்சிருக்கேன்” என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். புழு தின்றது போக மிஞ்சிய குச்சியில் மறு மாதமே தளிர் வந்துவிட்டது. தவிட்டுக் குருவிகள் அந்தப் புழுவில் பங்கு கேட்டுக் கூட்டமாக வந்து பெரிய ரகளை செய்தன.

நட விரும்புகிறவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. காய் காய்ந்து பழுப்பானதும் பறித்து விதையை எடுக்க வேண்டும். ஒரே செடியை மொட்டையடிக்காமல் நாலு செடியில் நாலு நாலு காய் எடுங்கள். மேட்டில் நிற்பதே கொஞ்சந்தான். விதையின் தோல் கெட்டியானது. வெந்நீரை ஊற்றி ஒரு ராத்திரி அப்படியே விட்டால் இளகும். ஐப்பசி மழைக்கு முன்னால், செடி நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றிவிடுவது நல்லது. ஆணிவேர் ஆழமாக இறங்குகிற ஜாதி. பெயர்த்து நட்டால் கோபித்துக்கொள்ளும். முதல் கோடையில் மட்டும் வாரம் ஒரு முறை தண்ணீர். அதற்குப் பிறகு தண்ணீர் காட்டினால்தான் ஆபத்து. கால் நனைந்து நின்றால் செத்துப்போகும். எரு வேண்டாம். சரளை, செம்மண், சுக்கான் எதுவானாலும் சரி. ஆடு மாடு சாதாரணமாக வாய் வைப்பதில்லை. வருஷத்துக்கு ஒரு முறை கிளைகளைக் கழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் காலெல்லாம் குச்சியாக உயர்ந்துவிடும். மார்கழிக் கடைசியில் செடி பூத்து நிற்கும். அப்போது போகிக் காப்புக்கு ஒடிப்பதே பாதிக் கவாத்தாகிவிடும். வீட்டு இறவாணத்துக்கு இரண்டு கொத்து வைத்துக்கொண்டு மீதியைத் தெருவில் கேட்கிறவர்களுக்குக் கொடுக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மாளும் ஒரு கொத்து வாங்கிக்கொண்டு போனார்.